தோப்புக்குள் ஒரு சுமைதாங்கி

அந்த அம்மாளின் முகத்தை நான் பார்த்தது கிடையாது. ஒன்றரை வருஷம் போல அவருக்குக் கூண்டு வண்டி ஓட்டினேன். எனக்குத் தெரிந்தது குரல்தான். கொஞ்சம் கரகரத்த குரல். திரைக்குள்ளிருந்து அது வெளியே வரும்போதெல்லாம் ஒரு கேள்வியோடுதான் வரும்.

பரங்கிப்பேட்டையில் எல்லாரும் அவரை லாத்தா என்றார்கள். அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். வீட்டுக்காரர் பினாங்கில் கடை வைத்திருந்தார். கப்பலேறி எப்போதாவது வருவார், இருந்துவிட்டுப் போவார். மற்றபடி வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றிலும் லாத்தா வைத்ததுதான் சட்டம்.

நான் ஓர் இடத்தில் தங்குகிறவன் இல்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கடலூர் துறைமுகத்தில் படகுக்கு மூட்டை ஏற்றினேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஓட்டலில் மாவரைத்தேன். உப்பளத்தில் கால் வெடித்துப் புண்ணான பிறகு அதையும் விட்டேன். அப்புறம்தான் இந்த வண்டி வேலை. வண்டியும் மாடும் லாத்தாவின் தம்பியுடையவை. பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவரை நான் சின்னவர் என்பேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூண்டின் முன்திரையில் ஒரு கண் அளவுக்குத் தையல் பிரிந்திருப்பதைப் பார்த்தேன். ஊசியும் நூலும் கொண்டுவந்து தைக்க உட்கார்ந்தேன்.

"அத தொடாத" என்றது குரல்.

அது தானாகப் பிரிந்த தையல் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த ஓட்டை வழியாக லாத்தா ஊரைப் பார்த்தார். பார்த்ததை எல்லாம் என்னிடம் கேட்டார். ஒரு நாள் எதிரே வந்த உழவு மாட்டுக்கு ஒரு கொம்பில் கறுப்பும் ஒரு கொம்பில் சிவப்பும் பூசியிருந்தது.

"அது ஏன் தம்பி அப்படி?"

"கட்சிக்காரன் மாடு, லாத்தா."

"மாட்டக் கேட்டுத்தான் கட்சியில சேத்தாங்களா?"

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குப் போகிற சமயம், வண்டியை ஒரு மரத்தடியில் நிறுத்தச் சொன்னார். பல்லக்கு போய்க் கூட்டமும் கலைந்த பிறகு, "சாமியத் தூக்குறவங்க மத்தியானம் எங்க சாப்பிடுவாங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் கோபப்பட மாட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னால்தான் பிடிக்காது. இறங்கிப் போய்க் கேட்டுவந்து சொன்னேன். யார் யார் சோறு போடுகிறார்கள், எந்த ஊரில் இளைப்பாறுவார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அதை வைத்து அவர் ஒன்றும் செய்யப் போவதில்லை. தெரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

இன்னொரு தடவை கடலூருக்கு ரயிலில் போய், மஞ்சக்குப்பம் மைதானம் பக்கமாக ஜட்காவில் போனோம். மைதானத்தில் ஒரே கூட்டம்.

"எறங்கிப் பாத்துட்டு வா."

வந்து, "ஏதோ கூட்டம் லாத்தா" என்றேன்.

"கூட்டம்னு எனக்கே தெரியுது. எதுக்கு?"

மறுபடி போனேன். "ஒருத்தன் சைக்கிள விட்டு எறங்காம சுத்திக்கிட்டே இருக்கான். நாலஞ்சு நாளாவாம்."

"சாப்பாடு?"

"சைக்கிள் மேலயே."

"தூக்கம்?"

"அதுவும் மேலயே."

"மத்ததுக்கு?"

"அத கேக்கல லாத்தா."

"அதத்தானப்பா மொதல்ல கேக்கணும்!" என்றார். ஜட்காக்காரர் சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டது.

என்னையும் கேட்காமல் விட்டதில்லை. குமராட்சிப் பக்கம் கொள்ளிடத்துக் கரையில் எங்கள் குடிசை இருந்தது. வெள்ளம் வந்தால் போய்விடும். தண்ணீர் வடிந்ததும் அதே இடத்தில் கட்டுவோம். இதை ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"போன எடத்துலயே ஏன் திரும்பக் கட்டுறீங்க?"

"வேற எடம் யாரு லாத்தா குடுப்பா?"

அதற்கு மேல் கேள்வி வரவில்லை. 

அவருக்கு ஒரே மகள். அந்த ஊர் வழக்கத்தில் பெண் கல்யாணமாகி மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் மகளுக்கென்று தனியாக ஒரு வீடு கட்டிக் கொடுத்தாக வேண்டும். கடலூர் முதுநகரில் மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். வீட்டுக்கு இடம் அமையவில்லை. ஊருக்குள் சந்து பொந்தாகத்தான் கிடைத்தது. கடைசியில் ஊரின் மேற்கே, ரயில் நிலையத்துக்குப் போகிற பக்கம், ஒரு தென்னந்தோப்பு விலைக்கு வந்தது. நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. காற்றும் வந்தது. லாத்தாவுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

முகம் காட்டாத கோஷா வீட்டுப் பெண்கள் ஆண் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துத்தான் வெளியே கிளம்புவார்கள். லாத்தா தோப்பைப் பார்க்கப் போனதெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில். ஆண்கள் பள்ளிவாசலில் இருப்பார்கள், சின்னவரும் உட்பட. துணைக்கு ஒரு கிழவி வருவாள். வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவாள். தோப்புக்காரர் உள்ளூர் விவசாயி, வெள்ளை வேட்டி, குளிர்ந்த பேச்சு. வண்டிக்குப் பத்தடி தள்ளி நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பதில் சொல்வார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமையோ நான்காவதோ, வண்டியை நான் வழக்கமான இடத்தைவிடச் சற்று உள்ளே ஓட்டி நிழலில் நிறுத்தினேன்.

"தம்பி, அது என்ன கல்லு?"

தென்னைகளுக்கு நடுவே இரண்டு கல் நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைப் படுக்கவைத்திருந்தது. தோளுயரம் இருக்கும்.

தோப்புக்காரர் முந்திக்கொண்டார். "அதா? மாடு ஒடம்ப ஒரசிக்க நட்டதும்மா. எங்க அப்பா காலத்துது."

"மாடு ஒரசறதுக்கு ஒரு கல்லு போதுமே. மேல எதுக்குப் படுக்கக் கல்லு? அதுல மாடு ஏறிப் படுத்துக்குமா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது சுமைதாங்கி, லாத்தா" என்றேன். "தலச்சுமையோட போறவங்க எறக்கி வச்சி மூச்சு வாங்குறதுக்கு."

"அது எனக்கும் தெரியும். ரோட்டோரம் எத்தனையோ பாத்திருக்கேன். ரோட்டுல இருக்க வேண்டியது தோப்புக்குள்ள எதுக்கு இருக்கு? இங்க வழி எங்க?"

நானும் பார்த்தேன். வழி இல்லை. அது மணல் பூமி. காலையில் பதிந்த கால் தடம் மத்தியானக் காற்றுக்குத் தாங்காது. சருகும் மணலும்தான் கிடந்தன. தோப்புக்காரர் இளநீர் வெட்டச் சொல்லட்டுமா என்று கேட்டார். லாத்தா வேண்டாம் என்றார்.

திரும்பும்போது, "நாம எப்பவும் உச்சி வெயில்லயே வந்தோம் இல்ல?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு விடியறப்ப வண்டியப் பூட்டு" என்றார்.

விடிகாலையில் கல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். கிழவி தூங்கிக்கொண்டிருந்தாள். கிழக்கு வெளுத்ததும் முதலில் வாசனை வந்தது. அப்புறம் பேச்சுச் சத்தம். மீன் கூடையோடு பெண்கள் வரிசையாக வந்தார்கள். சிதம்பரம் போகிற காலை ரயிலைப் பிடிக்க மீனவர் குப்பத்திலிருந்து வருகிறவர்கள். முன்னால் வந்தவர் நல்ல உயரம், வாய் நிறைய வெற்றிலை. என்னைப் பார்த்ததும் நின்றார்.

"எவன்டா நீ? வழியில வண்டிய நிறுத்தி வச்சிருக்க. நீ எருமையா, வண்டியில கட்டியிருக்கறது எருமையா?"

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "இதுவா வழி?"

"பின்ன? ஒங்க பாட்டன் வூட்டு மெத்தையா?" என்ற பிறகுதான் அந்த அம்மாள் திரையைக் கவனித்தார். "யாரு தாயி உள்ள? மொகத்தக் காட்டாம கேள்வி கேக்கறே?"

"தோப்ப வாங்க வந்திருக்கேன். எத்தன நாளா இதுல நடக்கறீங்க?"

"என் மாமியா நடந்தா, அவ மாமியா நடந்தா. அதுக்கு முன்னாடி யாரு கண்டா? ரோட்டோட சுத்திப் போனா ரயிலு நமக்காவ நிக்குமா?"

"ஆம்பளைங்களும் வருவாங்களா?"

கூடைக்காரிகள் எல்லாரும் சிரித்தார்கள். "ஆம்பளையா? அவனுங்க கடலவுட்டு வந்து வலைய ஒதறிட்டுக் குடிக்கவும் தூங்கவுமே நேரம் பத்தல. மீன் விக்கிறது எங்க வேல. இந்த வழியில ஆம்பள வந்து நிக்கிறது இன்னிக்கித்தான்" என்று என்னைக் காட்டினார்.

ஒருத்தி கூடையைக் கல்லின் மேல் இறக்கி, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். லாத்தா அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டார். உயரமான அம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். "என் மாமியாளுக்கு மூத்தவ ஒருத்தி. வவுத்துப் புள்ளையோட செத்துப் போய்ட்டா. அவளால எறக்க முடியல. மத்தவளாவது எறக்கி வைக்கட்டும்னு அவளுக்காவ வச்ச கல்லு இது."

ரயில் கூவியது. கூடைகள் தலைக்கு ஏறின. அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் காற்று வந்து மணலை நிரவிவிட்டது.

சின்னவருக்கு விஷயம் தெரிந்ததும் கடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வாசலில் நின்றபடி எனக்கும் கேட்கப் பேசினார்.

"லாத்தா, இத யார்கிட்டயும் சொல்லாத. நிக்காஹ் முடியட்டும். அப்புறம் மாப்பிள்ள முள்ளு போட்டு அடைச்சிடுவாரு."

"அடைச்சா அவுங்க சும்மா போவாங்களா? வெடிஞ்சா வாசல்ல நின்னு திட்டுவாங்க. அந்த ஏச்ச யாரு கேக்குறது? மாப்பிள்ள கடைக்குப் போயிடுவாரு. வீட்டுல இருக்குறது என் மவ."

"அப்ப இந்த எடமே வேணாம். வுட்டுடு."

"வேணாம்னா, நிக்காஹுக்குள்ள வேற எடம் எங்க? வீடு இல்லன்னு சம்பந்தம் போயிட்டா?"

 

அதற்குத்தான் மஞ்சக்குப்பம் போய் வக்கீலைப் பார்த்தோம். சைக்கிள்காரனைப் பார்த்ததும் அன்றுதான். வக்கீல் வீட்டுக்கார அம்மாளோடு லாத்தா உள்ளறையில் உட்கார்ந்து, கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். நான் நடையில் நின்றேன். வக்கீல் நல்ல மனிதர். பத்திரமெல்லாம் சுத்தமாகத்தான் இருக்கிறது, வில்லங்கம் ஏதுமில்லை என்றார். நடக்கிற வழி காகிதத்தில் வராது. ஆனால் வெகுகாலமாக யாரும் தடுக்காமல் நடந்து வந்தால் அது நடந்தவர்களுக்குப் பாத்தியம், நிலம் கை மாறினாலும் அந்தப் பாத்தியம் கூடவே வரும் என்றும் சொன்னார். இதற்கு ஈஸ்மென்ட் என்று பெயராம்.

"மண்ணு என்னுது, நடக்குற உரிமை அவுங்களுது. அப்ப நான் காசு குடுத்து வாங்குறது எத?"

"மிச்சத்த எல்லாம்மா" என்று வக்கீல் சிரித்தார்.

"இந்த வழிய பத்திரத்துல எழுதலாமா?"

"தாராளமா எழுதலாம். எழுதிட்டா பின்னால யாரும் தெரியாதுன்னு சொல்ல முடியாது. ஆனா வாங்குறவங்களே அத எழுதச் சொல்லி நான் பாத்ததில்ல."

ஊர் திரும்புகிற வழியில் லாத்தா என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. வாங்குவதாகவும் சொல்லவில்லை, விடுவதாகவும் சொல்லவில்லை.

அதற்குள் தோப்புக்காரர் ஒரு காரியம் செய்துவிட்டார். கிராக்கி கையை விட்டுப் போகிறதே என்ற பயம் அவருக்கு. கோஷா வீட்டு அம்மாளுக்கு வேண்டியது மறைவுதான் என்று அவரே முடிவு செய்துகொண்டு, தோப்புக்குள் நுழைகிற பக்கம் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தார். சுமைதாங்கியையும் ஆள் வைத்துத் தள்ளிவிட்டார். சுத்தம் செய்தாகிவிட்டது, காலையில் வந்து பார்க்கலாம் என்று லாத்தா வீட்டுக்குச் சொல்லியனுப்பினார்.

நாங்கள் போனபோது முள்ளுக்கு வெளியே கூடைகள் நின்றன. வண்டியைப் பார்த்ததும் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"வந்துட்டாடி மவராசி! திரைக்குள்ள ஒக்காந்துகிட்டு இனிக்க இனிக்கக் கேட்டியே, இதுக்குத்தானா?"

"செத்தவ கல்லத் தள்ளிட்டுப் பந்தலு போடப் போறியா? அந்தக் கல்யாணம் வெளங்குமா?"

ஒருத்தி கூண்டைப் பிடித்து ஆட்டினாள். மாடு நுகத்தடியை உதறியது. தூங்கிக்கொண்டிருந்த கிழவி அலறி எழுந்தாள். நான் சாட்டைக் கம்போடு இறங்கினேன். அத்தனை பேருக்கு நடுவில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

கூண்டின் பின்பக்கம் படி கிறீச்சிட்டது. லாத்தா இறங்கினார். அவர் வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வது என் பழக்கம். அன்றும் திருப்பிக்கொண்டேன். கீழே பார்வை போன அளவில், உடம்பு முழுக்கப் போர்த்திய வெள்ளைத் துப்பட்டியின் ஓரமும் மணலில் புதைந்த இரண்டு பாதங்களும் தெரிந்தன. கூச்சல் கொஞ்சம் அடங்கியது.

"அடைக்கச் சொன்னது நான் இல்ல. அல்லாமேல ஆணையா நான் இல்ல" என்றார். "ரயிலுக்கு நேரம் இருக்கா?"

"எங்க இருக்கு? சுத்திப் போனா வண்டி போயிடும். மீனு நாறிடும்."

"தம்பி, முள்ள எடு."

கம்பால் முள்ளை வாரி வாரி ஒதுக்கினேன். கையெல்லாம் கிழிந்தது. ஓர் ஆள் போகிற அளவுக்கு வழி விட்டதும் கூடைகள் ஒவ்வொன்றாக நுழைந்தன. கடைசிக் கூடைக்குப் பின்னால் அந்த வெள்ளைத் துப்பட்டியும் நுழைந்தது.

"லாத்தா!" என்று நானும் பின்னால் ஓடினேன்.

"நீ எங்கடா வர்றே?" என்று உயரமான அம்மாள் தடுத்தார். "இது பொம்பளைங்க வழி. வண்டிய ரோட்டோட ஓட்டியா."

மாட்டை விரட்டிக்கொண்டு சுற்றிப் போனேன். நான் நிலையத்தைச் சேர்ந்தபோது ரயில் போய்விட்டது. மேடையில் கூடைகளும் இல்லை. பெண்கள் தங்கும் அறையின் வாசல் பெஞ்சில் லாத்தா மட்டும் உட்கார்ந்திருந்தார். துப்பட்டி ஓரத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

 பாதி வழியில் தானாகச் சொன்னார்: "பொறந்ததுலேருந்து இந்த ஊருதான் தம்பி. ஸ்டேஷனுக்கு நடந்து போனது இன்னிக்கித்தான்."

அன்று சாயங்காலமே தோப்புக்காரரை வரச்சொன்னார். "ஒங்களுக்காவத்தானம்மா அடைச்சேன்" என்று அவர் புலம்பினார். நிஜமாகவே அவருக்கு ஒன்றும் புரியவில்லை. லாத்தா இரண்டே விஷயம் சொன்னார். கல்லை நிமிர்த்த வேண்டும், வழியைப் பத்திரத்தில் எழுத வேண்டும். விலையில் ஒன்றும் குறைக்கக் கேட்க மாட்டேன் என்றார். தோப்புக்காரருக்கு அது இன்னும் குழப்பமாக இருந்தது. மறுநாள் ஆள் கூட்டிவந்து கல்லை நட்டார்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் லாத்தாவே சொல்லிவிட்டார். சின்னவர் தலையில் கைவைத்துக்கொண்டார். முதுநகரிலிருந்து மாப்பிள்ளையின் வாப்பாவும் உம்மாவும் வந்தார்கள். ஆண்கள் வெளியே, பெண்கள் உள்ளே. "வீட்டுக்குப் பின்னால கூட்டம் போற வழியா? எங்க குடும்பத்துக்கு ஒத்து வராது" என்று வாப்பா செருப்பைத் தேடி எழுந்துவிட்டார். சின்னவரின் முகம் வெளுத்துப்போனது. இத்தனை நாள் பேசியதெல்லாம் அந்தச் செருப்போடு போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் உம்மா குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் உக்காருங்க. அந்த வழியில பொம்பளைங்க மட்டும்தான் நடக்குறாங்களாம்."

"அதுக்கென்ன இப்ப?"

"அதுக்குத்தான் சொல்றேன், உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். உள்ளே இரண்டு பெண்களும் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. சின்னவருக்கும் கடைசிவரை தெரியவில்லை.

சிதம்பரத்தில் பதிவு நடந்தது. ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. பத்திர எழுத்தர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து, வழியைப் பற்றிய வரியை மட்டும் உரக்கப் படித்தார். மறுபடி படிக்கச் சொன்னார் லாத்தா. பெண்கள் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று கேட்டார். வழி என்றால் எல்லாருக்கும் வழிதான், அப்படிப் பிரித்து எழுத முடியாது என்றார் எழுத்தர். சரி, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார் லாத்தா.

வீடு எழும்பியது. வழியை விட்டுத் தள்ளித்தான் சுவர் வைத்தார்கள். அந்தச் சுவரில் பின்பக்கமாக ஒரு சின்னக் கதவும் வைத்தார்கள். நிக்காஹ் நன்றாக நடந்தது. நானும் வயிறாரச் சாப்பிட்டேன். மாதம் ஒன்றிரண்டு போனதும் சின்னவர் கடைக்குக் கூப்பிட்டார்.

"மாட்ட விக்கப் போறேன்டா."

"ஏன், நான் எதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா?"

"நீ ஒண்ணும் பண்ணல. லாத்தாவுக்கு வண்டி வேணாமாம்." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "தாயும் மவளும் சிதம்பரம் போறதுன்னா காலையில பின்கதவத் தொறந்து அந்தக் கூட்டத்தோட சேந்துக்குறாங்க."

கணக்கு முடித்துக் கொடுத்தார். நெய்வேலியில் சுரங்கத்துக்கு மண் வெட்ட ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். மறுநாள் காலையிலேயே ரோட்டோடு சுற்றி நடந்து நிலையத்துக்குப் போனேன். மேடையின் அந்தக் கோடியில் கூடைகளுக்கு நடுவே இரண்டு வெள்ளைத் துப்பட்டிகள். நான் கிட்டப் போகவில்லை. ஆனால் அந்தக் குரல் அங்கிருந்தே கேட்டது.

"ஏம்மா, இந்த நண்டு மட்டும் ஏன் பக்கத்தால நடக்குது?"

"யாருக்குத் தெரியும் தாயி" என்றார் வெற்றிலைக்கார அம்மாள். "முன்னால எவனாவது சுவரு வச்சிருப்பான்."